இடைத்தேர்தல்: காலியான இடம் யாருடையது, நாள் குறிப்பவர் யார்?

மூன்றாம்வரிசை (தொடக்கப் பதிவு)

இடைத்தேர்தல் என்றாலே வெற்றி தோல்விக் கணக்கும் வாக்கு வித்தியாசமும்தான் பேசப்படுகின்றன. அந்தத் தேர்தலுக்கு நாள் குறிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர் நாளைக் கடத்தினால் தட்டிக் கேட்பது யார் என்ற பேச்சு அநேகமாக எழுவதே இல்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996இல் சேர்க்கப்பட்ட 151ஏ பிரிவு, ஓர் இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடந்தாக வேண்டும் என்கிறது. அதே பிரிவு இரண்டு விலக்குகளையும் கொடுக்கிறது. இடத்தைக் காலிசெய்த உறுப்பினருக்கு எஞ்சியிருந்த பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் தேர்தல் தேவையில்லை. அந்த ஆறு மாதங்களுக்குள் தேர்தல் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்தாலோசித்துத் தேர்தல் ஆணையம் சான்றளித்தாலும் தேவையில்லை.

முதல் விலக்கில் பெரிய சிக்கல் இல்லை. ஓராண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற ஐயத்தையும் 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. இடம் காலியான நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், புதியவர் தேர்ந்தெடுக்கப்படும் நாளிலிருந்து அல்ல. என்னை உறுத்துவது இரண்டாவது விலக்கு. புனே மக்களவை உறுப்பினர் கிரிஷ் பாபட் 2023 மார்ச் 29 அன்று காலமானபோது அந்த மக்களவையின் ஆயுள் ஓராண்டுக்கும் மேல் எஞ்சியிருந்தது. பொதுத் தேர்தல் ஆயத்தப் பணிகள் நடப்பதைக் காரணம் காட்டி ஆணையம் இடைத்தேர்தலை நடத்தவில்லை. அந்தக் காரணத்தை ஏற்காத பம்பாய் உயர் நீதிமன்றம், டிசம்பரில், தேர்தலை நடத்துமாறு உத்தரவிட்டது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. அதற்குள் பொதுத் தேர்தலே வாசலுக்கு வந்துவிட்டது. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். புனே வாக்காளர்கள் ஓராண்டுக்கும் மேலாக மக்களவையில் உறுப்பினர் இன்றி இருந்தார்கள்.

"கடினம்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆறு மாதக் கெடுவைக் கடக்க முடியுமானால், அதைக் கெடு என்று சொல்லலாமா?

படிப்பகம்

சொல்லலாம். கெடு என்று ஒன்று எழுதப்படாத இடங்களில் நடந்ததைப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

இலங்கையின் காங்கேசன்துறையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தோன்றவில்லை. 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்பதைத் தம் தொகுதியின் வாக்கைக் கொண்டே காட்டுவதற்காக, சா.ஜே.வே. செல்வநாயகம் அதே ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தார். இடைத்தேர்தலை நடத்திப் பாருங்கள் என்பது அவர் அரசுக்கு விட்ட அறைகூவல். அறைகூவலை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பாதுகாப்புக் காரணம் சொல்லித் தேர்தலைத் தள்ளிக்கொண்டே போனார்கள். அது நடந்தது 1975 பிப்ரவரி 6 அன்று. செல்வநாயகம் பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றார் என்பது வரலாறு. ஆனால் 1972இல் கேட்ட கேள்விக்கு 1975இல்தான் வாக்குப்பெட்டி வைக்கப்பட்டது. ஒரு தொகுதியின் வாயை இரண்டேகால் ஆண்டு அடைத்து வைப்பதற்கு எந்தச் சட்டத்தையும் மீற வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அயர்லாந்தில் தென்மேற்கு டொனெகல் தொகுதி 2009 ஜூனில் காலியானது. அங்கே தேர்தல் ஆணையை முன்மொழிய வேண்டியது நாடாளுமன்றம். அரசுக்கோ பெரும்பான்மை மெலிந்துகொண்டிருந்தது. தாமதத்தை எதிர்த்து சின் ஃபெயின் கட்சியின் பியர்ஸ் டொஹர்ட்டி வழக்குத் தொடுத்தார். ஓராண்டுக்கும் மேலான தாமதம் ஏற்கத்தக்கதல்ல என்று 2010 நவம்பர் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே மாதம் 25ஆம் நாள் தேர்தல் நடந்தது. வழக்காடியவரே வேட்பாளராக நின்று வென்றார். அடுத்த ஆண்டு ஆறு மாதக் கெடு சட்டமானது.

சிங்கப்பூரில் 2012 பிப்ரவரியில் ஹௌகாங் தொகுதி காலியானபோது, பிரதமருக்கு விருப்பப்பட்ட காலம்வரை தேர்தலைத் தள்ளிப்போட உரிமை உண்டா என்று நீதிமன்றத்துக்குப் போனவர் அந்தத் தொகுதியில் வசித்த ஒரு துப்புரவுப் பணியாளர். வழக்கு நடக்கும்போதே மே மாதத்தில் தேர்தல் நடந்து முடிந்துவிட்டது. ஆனாலும் 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதிகாரத்தின் எல்லையைச் சொல்லிவைத்தது: நியாயமான காலத்துக்குள் நடத்தியாக வேண்டும், பிரதமரின் விருப்பம் வரம்பற்றது அல்ல. அவருடைய மேல்முறையீடு தள்ளுபடியானது. வழக்கில் அவர் தோற்றார், சட்டத்தில் வென்றார் என்றே நான் சொல்வேன்.

நேர்கோடு

இருவரும் இடைத்தேர்தல் நடந்தே தீர வேண்டும் என்ற முடிவோடு பேசுகிறீர்கள். நான் அந்த அடிப்படையையே ஏற்கவில்லை.

பொதுத் தேர்தலில் வாக்காளர் ஓர் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கிறார். இடைத்தேர்தலில் ஆட்சி மாறப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், வேட்பாளருக்கும் தெரியும். அமைச்சரவையில் பாதிப் பேர் ஒரே தொகுதியில் முகாமிட்டுத் தெருத்தெருவாகப் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளும் தேர்தலில் வெளிப்படுவது மக்களின் கருத்து என்று என்னால் நம்ப முடியவில்லை. 2009 ஜனவரியில் திருமங்கலத்தில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்த ஊரின் பெயரே பணப்பட்டுவாடா முறைக்குச் சூத்திரப் பெயராக ஒட்டிக்கொண்டது நமக்கெல்லாம் தெரியும். எதிர்க்கட்சிகளும் இதை உணர்ந்தே இருக்கின்றன. 2024இல் விக்கிரவாண்டியிலும் 2025இல் ஈரோடு கிழக்கிலும் முதன்மை எதிர்க்கட்சி போட்டியிடாமலேயே ஒதுங்கிக்கொண்டது.

இதற்கு மாற்று உலகில் இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் ஓர் உறுப்பினர் இறந்தால் அவருடைய கட்சிப் பட்டியலில் அடுத்து இருப்பவர் வருகிறார். இலங்கையிலேயே 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசார முறைக்கு மாறிய பிறகு வழி அதுதான். பிரான்சில் வேட்பாளர் தம் மாற்று உறுப்பினரின் பெயரையும் சேர்த்தே வாக்குக் கேட்கிறார். உறுப்பினர் இறந்தாலோ அமைச்சரானாலோ மாற்று உறுப்பினர் இருக்கையில் அமர்கிறார். செலவு இல்லை, தாமதமும் இல்லை. தாமதமே இல்லாத முறையில் நாள் குறிக்கும் அதிகாரம் யாரிடம் என்ற உங்கள் கேள்விக்கும் இடமில்லை.

பழைய அலுவலர்

வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகச் சில பொதுத் தேர்தல்களிலும் இரண்டு இடைத்தேர்தல்களிலும் பணியாற்றியவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

பொதுத் தேர்தலில் மாதிரி வாக்குப்பதிவு விடியற்காலையில் நடக்கும்போது முகவர்கள் இரண்டு மூன்று பேர் வந்தாலே பெரிது. வாக்குப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது, குறைந்தது ஐம்பது வாக்குகளைப் போட்டு, எண்ணி, ஒப்புகைச் சீட்டுகளோடு சரிபார்த்து, கருவியை மீண்டும் வெறுமையாக்கி முத்திரையிடுவோம். இடைத்தேர்தலிலோ முகவர்கள் எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றார்கள். ஒவ்வொரு முத்திரைத் தாளின் எண்ணையும் தங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். பறக்கும் படை, பார்வையாளர், நுண்பார்வையாளர், கேமரா என்று மாநிலம் முழுவதும் பரவியிருக்க வேண்டிய கவனம் அத்தனையும் ஒரே தொகுதியில் குவிந்திருந்தது. பணம் வெளியே எப்படி விளையாடியது என்பதை நான் அறியேன். உள்ளே அதைவிடக் கண்டிப்பாக நடந்த தேர்தலை நான் பார்த்ததில்லை.

நண்பர் நேர்கோடு ஈரோடு கிழக்கைக் குறிப்பிட்டார். அங்கே 2023இல் வேட்பாளர்கள் 77 பேர். நோட்டாவையும் சேர்த்தால் 78. ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பெயர்கள்தான் கொள்ளும் என்பதால் ஒவ்வொரு சாவடியிலும் ஐந்து கருவிகளை வரிசையாக அடுக்க வேண்டியிருந்தது. நான் பணியாற்றிய இடைத்தேர்தல் வேறு, அங்கே என் சாவடியில் மூன்று கருவிகள்தான். அதற்கே மறைப்பு அட்டைக்குள் பெஞ்சு போதவில்லை. கண்பார்வை மங்கிய ஒரு மூதாட்டி ஒவ்வொரு கருவியாகக் குனிந்து சின்னத்தைத் தேடிக்கொண்டே நகர்ந்தார். அவர் பொத்தானை அழுத்தி ஒலி எழும்வரை வரிசை முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

அன்று என் கையில் இருந்த வாக்காளர் பட்டியலில் மறைந்த உறுப்பினரின் பெயரும் இருந்தது. அவருடைய வாக்குச்சாவடியும் அதுதான். பெயரின் மேல் குறுக்காக "நீக்கம்" என்று அச்சாகியிருந்தது. அவர் காலி செய்த இடத்துக்குத்தான் அத்தனை பேரும் வரிசையில் நிற்கிறார்கள் என்பது அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதுதான் எனக்கு உறைத்தது.

மூன்றாம்வரிசை

அலுவலர் ஐயாவுக்கு நன்றி.

நேர்கோடு அவர்களே, பட்டியல் முறையில் வாக்களிப்பவர் கட்சிக்கு வாக்களிக்கிறார். அங்கே அடுத்தவர் வருவது முறைதான். ஒரு தொகுதிக்கு ஒருவர் என்று ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறையில், கட்சி அலுவலகம் வேறொருவரை அனுப்பினால் அது யாருடைய தேர்வு? சுயேச்சை உறுப்பினர் இறந்தால் யார் அனுப்புவார்? கட்சி நியமனம் கலவரம் இல்லாதது என்ற எண்ணமும் சரியல்ல. ஆஸ்திரேலிய மேலவையில் காலியிடத்தை மாநில நாடாளுமன்றம் நிரப்பும். இறந்தவரின் கட்சியைச் சேர்ந்தவரையே அனுப்புவது மரபாக இருந்தது. 1975இல் குயின்ஸ்லாந்து அரசு அந்த மரபை மதிக்காமல், தொழிற்கட்சியின் தலைமையை வெளிப்படையாக எதிர்த்த ஒருவரைத் தொழிற்கட்சியின் இடத்துக்கு அனுப்பியது. அந்த ஆண்டின் அரசியல் நெருக்கடியில் அதற்கும் பங்கு உண்டு. அதே கட்சிக்காரர்தான் வர வேண்டும் என்று 1977இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி அரசியலமைப்பிலேயே எழுத வேண்டியதாயிற்று.

பணப்பட்டுவாடாவைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அது தேர்தலின் நோய். தேர்தலையே எடுத்துவிடுவதற்கான காரணம் ஆகாது.

நடுப்பகல்

இடைத்தேர்தல்களில் ஒரு பகுதி இறப்பால் வருவதில்லை, ஆசையால் வருகிறது. ஒருவர் இரண்டு தொகுதிகளில் நிற்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. இரண்டிலும் வென்றால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். 1996க்கு முன் இரண்டு என்ற வரம்புகூட இல்லை. 2024இல் ராகுல் காந்தி ரேபரேலியை வைத்துக்கொண்டு வயநாட்டை விட்டுக்கொடுத்ததால் அந்தத் தொகுதி ஏழு மாதங்களுக்குள் மறுபடி வாக்களித்தது. வாக்குப்பதிவு ஏறத்தாழ 73 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 65க்கு இறங்கியது. ஒருவருக்கு ஒரு தொகுதி, இல்லையேல் இடைத்தேர்தல் செலவில் ஒரு பகுதியை அவரே செலுத்தட்டும் என்று தேர்தல் ஆணையம் 2004இலேயே பரிந்துரைத்தது. சட்ட ஆணையமும் 2015இல் ஒரே தொகுதி என்றது. இரண்டு தொகுதி வசதி எல்லாப் பெரிய கட்சிகளின் தலைவர்களுக்கும் பயன்பட்டிருப்பதால் இந்தப் பரிந்துரை தூசி தட்டப்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

படிப்பகம்

தேர்தலா நியமனமா என்ற வாதத்துக்கு அமெரிக்காவில் இரண்டு விடைகளும் ஒரே நாடாளுமன்றத்துக்குள் இருக்கின்றன. கீழவையான பிரதிநிதிகள் அவைக்கு நியமனம் என்பதே கிடையாது. மாநில ஆளுநர் தேர்தல் ஆணை பிறப்பிக்க வேண்டும். மேலவையான செனட்டுக்கு, 1913ஆம் ஆண்டின் 17ஆவது திருத்தப்படி, மாநிலச் சட்டமன்றம் அனுமதித்தால் ஆளுநர் தற்காலிகமாக ஒருவரை நியமிக்கலாம்.

இந்த "அனுமதித்தால்" என்ற சொல்லை வைத்து மாசசூசெட்ஸ் ஆடிய ஆட்டம் படிக்க வேண்டியது. 2004இல் அம்மாநில செனட்டர் ஜான் கெர்ரி அதிபர் தேர்தலில் நின்றார். அவர் வென்றால் காலியாகும் இடத்துக்குக் குடியரசுக் கட்சி ஆளுநர் தம் கட்சிக்காரரை அனுப்பிவிடுவார் என்று அஞ்சிய ஜனநாயகக் கட்சிச் சட்டமன்றம் நியமன அதிகாரத்தையே பறித்தது. கெர்ரி தோற்றார். 2009 ஆகஸ்டில் எட்வர்டு கென்னடி காலமானபோது ஆளுநர் ஜனநாயகக் கட்சிக்காரர். எனவே அதே சட்டமன்றம் செப்டம்பரில் தற்காலிக நியமனத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. இத்தனை கணக்குப் போட்டும், 2010 ஜனவரியில் நடந்த சிறப்புத் தேர்தலில் அந்த இடத்தைக் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் பிடித்தார். எதிர்க்கட்சியின் முட்டுக்கட்டையை முறிக்கத் தேவையான, ஜனநாயகக் கட்சி செனட்டில் வைத்திருந்த 60 என்ற எண்ணிக்கை அந்த ஓர் இடத்தால் போயிற்று. இடைத்தேர்தலில் ஆட்சி மாறப்போவதில்லை என்று நேர்கோடு அவர்கள் சொன்னதற்கு இது ஒரு விடை.

கீழவையிலும் ஆளுநருக்குக் கை தாராளமாகவே இருக்கிறது. புளோரிடாவில் 2021 ஏப்ரல் 6 அன்று காலமான ஆல்சி ஹேஸ்டிங்சின் இடத்துக்குத் தேர்தல் 2022 ஜனவரி 11 அன்றுதான் நடந்தது. அதற்கு முன் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த தேர்தலில் வெற்றியைத் தீர்மானித்தவை ஐந்தே வாக்குகள் என்பது தனிக் கதை.

தேர்தல் முடிந்தாலும் காத்திருப்பு முடியாது என்பதை 2025 காட்டியது. அரிசோனாவில் செப்டம்பர் 23 அன்று வென்ற அடெலிட்டா கிரிஹால்வாவுக்கு நவம்பர் 12 அன்றுதான் அவைத் தலைவர் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். அரசுப் பணிகள் முடங்கியிருந்ததும் அவை கூடாததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று புளோரிடாவில் வென்ற ஆளுங்கட்சியினர் இருவர் மறுநாளே பொறுப்பேற்றுக்கொண்டார்கள்.

நேர்கோடு

மாசசூசெட்ஸ் கதைக்குப் பிறகு நியமனத்துக்காக நான் வாதாடுவது கொஞ்சம் கடினம்தான். பிரான்சின் மாற்று உறுப்பினர் முறையை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். அங்கே வாக்காளர் அந்தப் பெயரையும் பார்த்தே வாக்களிக்கிறார்.

ஆனால் உங்கள் கேள்வியையே இன்னொரு பக்கத்திலிருந்து கேட்கிறேன். தாமதத்தை மட்டும் குற்றமாகப் பேசுகிறீர்கள், அவசரம் குற்றமில்லையா? லட்சத்தீவு உறுப்பினர் முகமது ஃபைசல் 2023 ஜனவரி 11 அன்று தண்டிக்கப்பட்டார், 13ஆம் நாள் தகுதிநீக்கம் அறிவிக்கப்பட்டது, 18ஆம் நாள் இடைத்தேர்தல் தேதியே வந்துவிட்டது. அவர் மேல்முறையீடு செய்ய, அந்த மாத இறுதிக்குள் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைக்க, ஆணையம் அந்த இடைத்தேர்தலை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. இரண்டே மாதம் கழித்து ராகுல் காந்தி தகுதிநீக்கம் செய்யப்பட்டபோது, மேல்முறையீட்டுக்கு ஒரு மாத அவகாசம் இருக்கிறது, அவசரம் இல்லை என்று ஆணையம் பொறுத்திருந்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை நிறுத்திவைத்ததும் அவர் அதே இருக்கைக்குத் திரும்பினார். வயநாட்டில் இடையில் தேர்தல் நடந்திருந்தால் ஒரு நாற்காலிக்கு இரண்டு உரிமையாளர்கள் இருந்திருப்பார்கள்.

தமிழ்நாட்டில் 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்த 18 பேரின் தொகுதிகளுக்கு 2019 ஏப்ரல் 18 அன்றுதான் தேர்தல் நடந்தது. பத்தொன்பது மாதம். ஆனால் அதில் ஓராண்டுக்கும் மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்து, மூன்றாவது நீதிபதியின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாள்களையும் ஆணையத்தின் கணக்கில் எழுதுவீர்களா?

மூன்றாம்வரிசை

எழுதமாட்டேன். வழக்கு நிலுவையில் இருந்த நாள்களைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிட வேண்டும். இறப்புக்கும் விலகலுக்கும் ஒரு கெடு, தகுதிநீக்கத்துக்கு மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பின் தொடங்கும் கெடு என்று பிரித்தால் லட்சத்தீவில் நேர்ந்தது நேராது. இதை நான் முதல் பதிவிலேயே யோசித்திருக்க வேண்டும்.

நாள் குறிக்கும் அதிகாரத்தை ஆளிடமிருந்து எடுத்து நாட்காட்டியிடம் கொடுத்த நாடும் உண்டு. ஜப்பானில் நாடாளுமன்ற இடைத்தேர்தல்களை ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், நான்காவது ஞாயிறன்று நடத்துகிறார்கள். செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை காலியானவை ஏப்ரலுக்குப் போகின்றன, மற்றவை அக்டோபருக்கு. "கடினம்" என்று சான்றளிப்பதற்கே அங்கே வேலையில்லை.

பழைய அலுவலர்

நிலையான நாள் என்றால் எங்களைப் போன்றவர்கள் மகிழ்வோம். இடைத்தேர்தல் அறிவித்த மறுகணமே நடத்தை விதிகள் பல நேரங்களில் மாவட்டம் முழுவதற்கும் வந்துவிடுகின்றன. ஒரு தொகுதிக்காகப் பக்கத்துத் தொகுதியின் புதிய பணிகளும் நின்றுபோகின்றன. எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்பத் திட்டமிடலாம்.

ஆனால் நாட்காட்டிக்கு அடங்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்தார். ஆர்.கே. நகருக்கு ஆறு மாதக் கெடுவுக்குள்ளாகவே, 2017 ஏப்ரல் 12 என்று நாள் குறித்தார்கள். பணப்பட்டுவாடா புகார்களால் வாக்குப்பதிவுக்குச் சில நாள்களுக்கு முன் ஆணையம் அதை ரத்து செய்தது. திரும்ப நடந்தது டிசம்பர் 21 அன்று. திருவாரூரிலும் அப்படித்தான், 2019 ஜனவரி 28 என்று அறிவித்த தேர்தல் கஜா புயல் நிவாரணப் பணிகளால் ரத்தாகி ஏப்ரலுக்குப் போயிற்று. இரண்டு ரத்துக்கும் காரணம் இருந்தது, நான் குறை சொல்லவில்லை. அறிவிக்கை வெளியாகி, மனுக்கள் பரிசீலிக்கப்பட்டு, சின்னம் ஒதுக்கி, எங்களுக்குப் பயிற்சியும் முடிந்த பிறகு வரும் ரத்து ஆணையில் அடுத்த தேர்தல் எந்த நாளுக்குள் என்று ஒரு வரி இருப்பதில்லை. நீங்கள் சட்டத்தைத் திருத்தச் சொல்லி எழுதுவதாக இருந்தால், "கடினம்" என்ற சொல்லுக்கு முன்பாக அந்த ஒரு வரியைக் கேளுங்கள்.